சரக்கு வாங்க வருபவருக்குச் சாப்பாடு போடும்போது...



வீடு தேடி வந்தவருக்குச் சோறு போட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சரக்கு வாங்க வருபவருக்கு வைக்கும் விருந்து, சொந்தக்காரருக்கு வைக்கும் விருந்து மாதிரி இல்லை. இதை எங்கள் குழு நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டது.

எங்களுக்கு நடந்தது

நாங்கள் பாக்குமட்டைத் தட்டு செய்கிறோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. அதன் பிறகு எங்கள் தட்டைக் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதன்முதலாக வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர் வந்தார். "பெரிய ஆர்டரு, நல்லா கவனிக்கணும்" என்று காலையிலிருந்து எல்லோரும் அடுப்படியில்தான். கோழிக் குழம்பு, மீன் வறுவல், வடை, பாயசம் என்று ஒன்பது வகை.

கணக்கு தெரிந்த பிரதிநிதி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். ஊக்குநர் பரிமாறிக்கொண்டிருந்தார். வியாபாரியோடு உட்கார்ந்து சாப்பிட்டது யார் தெரியுமா? ஓர் உறுப்பினரின் வீட்டுக்காரர்! பாயசம் குடிக்கும்போதே வியாபாரி ஒரு விலை சொன்னார். "அதுக்கென்ன சார், குடுத்துடலாம்" என்று இவரும் சொல்லிவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் மறுத்துப் பேச எங்களுக்கு வாய் வரவில்லை.

நாங்கள் போட்டு வைத்திருந்த விலையைவிட அது தட்டுக்கு 40 பைசா குறைவு. 5,000 தட்டுக்கு 2,000 ரூபாய் போயிற்று. விருந்துச் செலவு 1,850 ரூபாய். சோறும் போட்டு, 3,850 ரூபாயும் இழந்தோம். அடுத்த கூட்டத்தில் ஒருவரை ஒருவர் குறை சொல்லாமல் உட்கார்ந்து பேசினோம். அன்று முடிவு செய்ததைத்தான் இங்கே சொல்கிறோம்.

1. முன்கூட்டியே கேளுங்கள்

எத்தனை பேர், எத்தனை மணிக்கு, சைவமா அசைவமா என்று முதல் நாளே போனில் கேட்டுவிடுங்கள். இதில் கூச்சம் வேண்டாம். புரட்டாசியில் பலர் அசைவம் சாப்பிட மாட்டார்கள். ரம்ஜான் நோன்பில் இருப்பவர் பகலில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஜைனர்களில் பலருக்கு வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு ஆகாது. சர்க்கரை நோய் உள்ளவர் முன்னால் பாயசத்தை வைத்தால் அவருக்குத்தான் சங்கடம்.

2. வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

சமைக்க இரண்டு பேர், பரிமாற ஒருவர், விருந்தாளியோடு உட்கார்ந்து சாப்பிட இரண்டு பேர். உட்காரும் இருவரும் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். ஒருவருக்கு அடக்க விலை தெரிந்திருக்க வேண்டும். "ஆம்பளைங்க சாப்பிட்ட பிறகு நாம சாப்பிடலாம்" என்கிற பழக்கம் இங்கே உதவாது. சரக்கு நம்முடையது, பேச வேண்டியவரும் நாம்தான்.

3. எளிமையாக, சுத்தமாக

சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், அப்பளம், மோர் போதும். சூடாக இருக்கட்டும். காய்ச்சி ஆறிய தண்ணீரை மூடி வைத்து, நீளக் கைப்பிடி உள்ள கரண்டியால் மொண்டு கொடுங்கள். டம்ளரின் வாய்ப்பக்கத்தைப் பிடித்துக் கொடுக்கக் கூடாது. கை கழுவ சோப்பும் துண்டும் வையுங்கள். கழிப்பறை எங்கே என்று அவர்கள் கேட்கும் முன்பே காட்டிவிடுங்கள்.

நம் பொருளையே பயன்படுத்துங்கள். நம் தட்டு இருக்கும்போது வாழை இலை எதற்கு? ஊறுகாய் செய்யும் குழு தன் ஊறுகாயைப் பரிமாறட்டும்.

4. எல்லோருக்கும் ஒரே பந்தி

வண்டி ஓட்டி வந்தவரையும் கூட உட்கார வையுங்கள். அவருக்கும் அதே தட்டு, அதே டம்ளர். நம் குழுவில் பல தெருப் பெண்கள் இருக்கிறோம். "யாரு வீட்டுல சமைச்சீங்க?" என்று யாராவது இழுத்தால், "எங்க குழுவுல சமைச்சது சார்" என்று சிரித்த முகத்தோடு சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். ஆர்டர் போய்விடுமே என்று ஓர் உறுப்பினரை ஒதுக்கிச் சமைக்கச் செய்யக் கூடாது. அப்படிச் செய்தால் குழுவே உடைந்துவிடும்.

5. சாப்பிடும்போது விலை பேசாதீர்கள்

கை காட்டி "போதும்" என்றால் விட்டுவிடுங்கள். வற்புறுத்திப் போடுவது உபசாரம் ஆகாது. குடும்பக் கஷ்டம், கடன் கதை எல்லாம் சொன்னால் விலை குறையும், மதிப்பும் குறையும். அவருடைய ஊர், கடை, எந்த அளவு தட்டு அதிகம் போகிறது என்று கேளுங்கள். அவரே விலையை எடுத்தால், "முதல்ல நிதானமா சாப்பிடுங்க சார், அப்புறம் உக்காந்து பேசலாம்" என்று சொல்லுங்கள்.

கை கழுவி, சற்று ஓய்ந்த பிறகு மாதிரிகளை எடுத்து வையுங்கள். அளவு, எண்ணிக்கை, விலை, முன்பணம், அனுப்பும் தேதி, லாரி வாடகை யாருடையது என்பதை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சந்தேகம் இருந்தால், "குழுவுல பேசிட்டு நாளைக்குச் சொல்றோம்" என்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

6. செலவுக்குக் கணக்கு

எவ்வளவு செலவு செய்யலாம் என்று முன்பே தீர்மானம் எழுதுங்கள். ரசீது வாங்கி ரொக்கப் புத்தகத்தில் ஏற்றுங்கள். ஒருவர் தலையில் கட்ட வேண்டாம். மது எக்காரணம் கொண்டும் கூடாது. கடன் மனு கொடுத்திருக்கும்போது அதிகாரிகளுக்கு விருந்து வைப்பதும் கூடாது. தகுதி இருந்தால் தரப்பட வேண்டிய கடனுக்கு விருந்து எதற்கு? வந்தவருக்கு ஒரு டீ போதும்.

அடுத்த முறை

அடுத்து ஒரு வியாபாரி வந்தபோது செலவு 420 ரூபாய்தான். எங்கள் தட்டிலேயே ரசம் சோறு போட்டோம். சாப்பிட்டு முடித்ததும் அவர் தட்டைத் தூக்கி அடியைத் தடவிப் பார்த்தார். ஒழுகவில்லை, ஊறவும் இல்லை. நாங்கள் கேட்ட விலையில் 10 பைசாதான் குறைத்தார். பாதிப் பணம் முன்பணமாகத் தந்தார். அன்று பிரதிநிதி அப்பளம் பொரிக்கவில்லை. வியாபாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

* நம் பொருளின் அடக்க விலை எத்தனை உறுப்பினர்களுக்குத் தெரியும்?
* வியாபாரி வந்தால் அவரோடு உட்காரப் போகும் இருவர் யார்?
* விருந்துச் செலவுக்கு நம் குழுவின் வரம்பு எவ்வளவு?