நைட் ஷிப்ட்டும் தூக்கக் கடனும்: ஓ.டி. பணத்துல உண்மையில எவ்வளவு மிஞ்சுது?



எஸ்.ஐ.பி., டேர்ம் இன்ஷூரன்ஸ், டாக்ஸ்னு பேசுற இடத்துல தூக்கத்துக்கு என்ன வேலைன்னு கேட்பீங்க. இருக்கு. நம்ம நெல்லைப் பக்கம் ராத்திரி வேலை புதுசு இல்லை. 1880-கள்ல பாபநாசம் தண்ணி வேகத்தை நம்பி விக்கிரமசிங்கபுரத்துல ஹார்வி மில் வந்த காலத்துல இருந்தே தாமிரபரணிக் கரை ஊர்கள் மில் சங்கு சத்தத்துக்கு எழுந்து பழகினவைதான். இன்னிக்கு கங்கைகொண்டான் சிப்காட், தாழையூத்து சிமெண்ட் ஆலை, கூடங்குளம் அணுமின் நிலையம், ஜங்ஷன் ரயில் நிலையம், ஆஸ்பத்திரிகள்னு ராத்திரி முழுக்க விளக்கு எரியுற இடங்கள் நிறைய. இந்த வாரம் ஏ ஷிப்ட், அடுத்த வாரம் சி ஷிப்ட்னு மாறி மாறிப் போறவங்க அதுல பெரும்பாலும் இருபதுகள்ல இருக்கிற பிள்ளைங்க.

இவங்களோட சம்பளச் சீட்டுல ஒரு வரி நல்லா தெரியும்: ஓவர்டைம். அதுக்குக் கொடுக்கிற விலை எந்தச் சீட்டுலயும் வராது. அந்தக் கணக்கை இன்னிக்குப் போட்டுப் பார்ப்போம்.

1. முதல்ல வரவு

1948-ஆம் வருட தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆவது பிரிவு தொழிலாளிக்கு ஓ.டி. கூலி சாதாரணக் கூலியைப் போல இரண்டு மடங்குன்னு சொல்லுச்சு. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அதே இரண்டு மடங்குதான். உங்க கம்பெனி ஒரு மடங்கு மட்டும் கொடுத்தால், அது சலுகை இல்லை, பாக்கி. (மேனேஜர், சூப்பர்வைசர் பொறுப்பில் இருந்தால் விதி வேறு. அப்பாயின்ட்மெண்ட் ஆர்டரைப் பாருங்க.)

உதாரணத்துக்கு மாதச் சம்பளம் 18,000 ரூபாய், வாரம் 6 நாள், நாளைக்கு 8 மணி நேரம்னு வச்சுக்குவோம்.

- ஒரு நாள் கூலி: 18,000 ÷ 26 = 692 ரூபாய்
- ஒரு மணி நேரம்: 692 ÷ 8 = 86.50 ரூபாய்
- ஓ.டி. ஒரு மணி நேரம்: 173 ரூபாய்
- 4 மணி நேர ஓ.டி.: 692 ரூபாய்

முதல் வரியையும் கடைசி வரியையும் பாருங்க. இரண்டும் ஒரே தொகை. அதாவது, அசதியில ஒரு நாள் சம்பளமில்லா லீவு போட்டால், ஒரு ஓ.டி. முழுசா காலி. மாசம் 4 ஓ.டி. பார்த்து, உடம்பு முடியாம 2 நாள் லீவு போனா, மிஞ்சுறது 2 ஓ.டி. பணம்தான். ஆனா இழந்தது 4 தூக்கம்.

இன்னும் இரண்டு விஷயம். ஓ.டி. பணத்துக்கு பி.எஃப். பிடிக்க மாட்டாங்க. கைக்கு முழுசா வருதேன்னு சந்தோஷமா இருக்கும். ஆனா உங்க ஓய்வுக்காலக் கணக்குல அந்த உழைப்பு ஒரு ரூபாய் கூட ஏறலை. நீங்களா எடுத்து வச்சாத்தான் உண்டு. அடுத்தது, நைட் ஷிப்ட் அலவன்சும் ஓ.டி.யும் வருமான வரிக்கு உட்பட்டவை. 2025-26 நிதியாண்டில் புதிய முறைப்படி சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லாததால் பலருக்கு இது பாதிக்காது. ஆனா பழைய முறையில இருக்கிறவங்க கவனிக்கணும்.

2. சீட்டுல வராத செலவு: வீட்டுக்குப் போற வழி

சாயங்காலம் 4 மணிக்கு எழுந்து, ராத்திரி 10 மணிக்கு சி ஷிப்ட். காலை 6 மணிக்கு முடியுது. "ஆள் வரலை, ஒரு நாலு மணி நேரம் பாத்துருங்க தம்பி"ன்னு சொல்றாங்க. 10 மணிக்கு பைக் எடுக்குறீங்க. இப்போ நீங்க விழிச்சு 18 மணி நேரம் ஆச்சு.

17 மணி நேரம் தொடர்ந்து விழிச்சிருக்கிறவரோட கவனமும் கை வேகமும், ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறவர் அளவுக்குக் குறையுதுன்னு 1997-ல ஆஸ்திரேலியாவுல செஞ்ச ஆய்வு காட்டுச்சு. நம்ம மோட்டார் வாகனச் சட்டத்துல குடிச்சு ஓட்டுறதுக்கான வரம்பு 0.03 சதவீதம். ஒரு சொட்டு குடிக்காமலே நாம அந்த வரம்பைத் தாண்டி நான்குவழிச்சாலையில போறோம். எந்த போலீஸ் கருவியும் இதைக் கண்டுபிடிக்காது.

அதனால முதல் விதி: நைட் முடிச்சு ஓ.டி.யும் பார்த்தா, அன்னிக்கு பைக் வேண்டாம். கம்பெனி பஸ், டவுன் பஸ், கூட வேலை பார்க்கிற தூங்கி எழுந்த நண்பர், எதுவும் பரவாயில்லை. வண்டி எடுத்தே ஆகணும்னா, கிளம்புறதுக்கு முன்னாடி ரெஸ்ட் ரூம்ல 20 நிமிஷம் கண்ணை மூடுங்க. ஓ.டி. காசுல ஆட்டோவுக்கு 200 ரூபாய் போனாலும் அது வீண் செலவு இல்லை.

3. காலை 9.15 ஆபத்து

இது நம்ம சப்ஜெக்ட். சி ஷிப்ட் முடிச்சு 7 மணிக்கு வீடு. இட்லி சாப்பிட்டுட்டு, "இன்னும் கொஞ்ச நேரத்துல மார்க்கெட் திறந்துடும்"னு போனோட உட்காருற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு.

2011-ல டியூக் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. ஒரு ராத்திரி தூங்காதவங்களைப் பண முடிவு எடுக்கச் சொன்னா, நஷ்டத்தைத் தவிர்க்கிற எண்ணம் குறைஞ்சு, பெரிய லாபத்தைத் துரத்துற எண்ணம் கூடுது. இதோட செபி 2024 செப்டம்பர்ல சொன்னதைச் சேர்த்துப் படிங்க: மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கின தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், சராசரியா ஆளுக்கு 2 லட்சம் ரூபாய். நல்லா தூங்கினவங்களுக்கே இந்த நிலைமைன்னா, கண்ணு எரிய உட்கார்ந்திருக்கிற நமக்கு என்ன வாய்ப்பு?

இரண்டாவது விதி: நைட் முடிச்சு தூங்கி எழுறதுக்கு முன்னாடி எந்தப் பண முடிவும் கிடையாது. டிரேடிங், லோன் ஆப், ஈ.எம்.ஐ.யில போன், நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்து, எல்லாத்துக்கும் ஒரே பதில்: "தூங்கி எழுந்து சொல்றேன்." எஸ்.ஐ.பி.யை ஆட்டோ டெபிட்ல போட்டுட்டா, அதுக்கு நம்ம மூளை முழிச்சிருக்கணும்னு அவசியமே இல்லை.

4. எட்டு மணி நேரம் படுத்தால் எட்டு மணி நேரம் தூக்கமா?

இல்லை. சென்னையில குறைந்த வருமானக்காரர்களை வச்சு நடந்து 2021-ல வெளியான ஆய்வுல, 8 மணி நேரம் படுக்கையில இருந்தவங்க உண்மையில தூங்கினது சராசரியா ஐந்தரை மணி நேரம். தூக்கம் அடிக்கடி கலைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அவங்களை ராத்திரி 27 நிமிஷம் கூடுதலா தூங்க வச்சும் வேலைத் திறன்ல மாற்றம் தெரியலை. ஆனா மதியம் வேலை இடத்துலயே அரை மணி நேரம் குட்டித் தூக்கம் போட்டவங்களுக்கு வேலைத் திறன், மனநிலை இரண்டும் கூடுச்சு. வேலை பார்த்த நேரம் மட்டும் கொஞ்சம் குறைஞ்சுது.

அவங்க ஷிப்ட் ஆட்கள் இல்லை. ஆனாலும் நான் எடுத்துக்கிற பாடம் இதுதான்: படுக்கிற நேரத்தை நீட்டுறது மட்டும் போதாது, கலையாத தூக்கம் வேணும், குட்டித் தூக்கத்தைக் கேவலமா நினைக்கக் கூடாது.

நம்ம ஊர்ல பகல் தூக்கத்துக்கு எதிரிகள் வெயில், வெளிச்சம், சத்தம். கொடை சீசன்ல தெருமுனை குழாய் ஸ்பீக்கரைப் பத்தி நான் சொல்லவே வேண்டாம். அதனால ஒரு ஓ.டி. பணத்தைத் தூக்கத்துக்கே ஒதுக்குங்க:

- ஜன்னலுக்கு அடர் நிறத் தடித்த திரை. திரை வாங்க முடியலைன்னா கண் மறைக்கும் துணி.
- காதுல வைக்கிற பஞ்சு அடைப்பான், கொசுவலை.
- மாடி வெயில் இறங்குற அறையை விட்டுட்டு, கீழ்த்தள அறை.
- போன் வேற அறையில. அம்மாகிட்ட மட்டும் "அவசரம்னா எழுப்புங்க"ன்னு சொல்லிடுங்க.

காசு செலவில்லாத வழிகளும் இருக்கு. காபி, டீயில இருக்கிற காஃபீன்ல பாதி 5 மணி நேரம் கழிச்சும் உடம்புல இருக்கும். காலை 8 மணிக்குப் படுக்கணும்னா ராத்திரி 2 மணிக்கு மேல டீ வேண்டாம். வீட்டுக்குப் போகும்போது கூலிங் கிளாஸ் போடுங்க, காலை வெயில் கண்ணுல பட்டா மூளை "விடிஞ்சாச்சு"ன்னு எடுத்துக்கும். முதல் நாள் நைட்டுக்கு முன்னாடி சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் தூங்கிட்டுப் போங்க. எந்த ஷிப்ட்டா இருந்தாலும் ஒரு மூணு நாலு மணி நேரத்தைப் பொதுவான தூக்க நேரமா வச்சுக்க முடியுதான்னு பாருங்க.

ஹெச்.ஆர்.கிட்ட கேட்க ஒரு கேள்வி: ஷிப்ட் சுழற்சி காலை, மாலை, இரவுன்னு முன்னோக்கிப் போகுதா, பின்னோக்கி வருதா? நம்ம உடம்புக் கடிகாரத்துக்கு நேரம் தள்ளிப் படுக்கிறது சுலபம், முன்கூட்டிப் படுக்கிறது கஷ்டம். சுழற்சியை மாத்த கம்பெனிக்குப் பைசா செலவு இல்லை.

5. சமாளிக்க முடியலைன்னா

மூணு வாரத்துக்கு மேல தூக்கம் சரியில்லை, குறட்டையில மூச்சு நிக்குதுன்னு வீட்டுல சொல்றாங்க, வண்டியில கண் சொக்குது, இதுல எது இருந்தாலும் டாக்டரைப் பாருங்க. மெடிக்கல் ஷாப்புல சீட்டு இல்லாம தூக்க மாத்திரை வாங்காதீங்க. சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்தா உங்க பங்கா 0.75 சதவீதம் ஈ.எஸ்.ஐ.க்குப் போகுது. அது தர்மம் இல்லை, நீங்க கட்டின காசு. ஆறு மாத சந்தா காலத்துல 78 நாள் சந்தா இருந்தா, அதுக்கு உரிய பலன் காலத்துல டாக்டர் சான்றிதழோட நோய்க்கால விடுப்புக்கு 70 சதவீத ஊதியம் வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். சும்மா சம்பளமில்லா லீவு போடுறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க.

இந்த வார ஹோம்வொர்க்

ஒரு மாசம், ஒவ்வொரு ஓ.டி.க்கும் நாலு கட்டம் எழுதுங்க: கைக்கு வந்த பணம், அன்னிக்கு வெளிய சாப்பிட்ட, ஆட்டோவுக்குப் போன செலவு, அடுத்து போட்ட சம்பளமில்லா லீவு, தூங்கின மணி நேரம். மாசக் கடைசியில முதல் கட்டத்துல இருந்து இரண்டாவதையும் மூணாவதையும் கழிங்க. மிஞ்சுறதை ஓ.டி. மணி நேரத்தால வகுங்க. அந்தத் தொகை உங்க சாதாரண மணிக்கூலியை விடக் குறைஞ்சா, அடுத்த தடவை "தம்பி, ஒரு நாலு மணி நேரம்"னு கேட்கும்போது என்ன பதில் சொல்லணும்னு உங்களுக்கே தெரியும்.

கடன் இருக்கு, தங்கச்சி கல்யாணம் இருக்கு, ஓ.டி. பார்த்தே ஆகணும்னு சிலருக்கு நிலைமை. புரியுது. அப்போ ஒரு எல்லை போடுங்க: வாரத்துக்கு ஒண்ணு, அதுவும் மறுநாள் வீக் ஆஃப் இருக்கிற அன்னிக்கு. வந்த பணம் நேரா கடன் கணக்குக்குப் போகட்டும். தூக்கத்தை வித்து வாங்கின காசு, குறைஞ்சபட்சம் கடனையாவது குறைக்கணும்.