ஒயர் ஜாயின்ட்

திருமலையிலிருந்து வண்டிகள் இறங்கும் பாதை 1944-இல் திறக்கப்பட்டது. ஏறுவதற்கு வேறு பாதை பின்னால் வந்தது. இறங்கும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் அதிகம். இரவு நேரம். வளைவில் திரும்பும்போது ஜீப்பின் முன்விளக்கு அணைந்தால் என்ன ஆகும்? ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் பள்ளம்.

விளக்கு ஏன் அணைகிறது? பல்பு போயிருக்கலாம். ஆனால் பல நேரம் பல்பு நன்றாகவே இருக்கும். ஒயர் ஜாயின்ட் விட்டுப் போயிருக்கும்.

சித்தூரிலும் திருப்பதியிலும் ஆட்டோ, ஜீப், டிராக்டர்களுக்கு விளக்கு, ஹாரன் மாட்டித் தரும் கடைகள் உண்டு. அவசரத்தில் சிலர் ஒயரைக் கையால் முறுக்கி, டேப் சுற்றி விடுகிறார்கள். சித்தூர் வெயில் தெரிந்ததுதானே! டேப்பின் பசை இளகும். டேப் அவிழும். மழைநீர் புகும். செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பு மின்சாரத்தைத் தடுக்கும். அந்த இடம் சூடாகும்.

பேட்டரி 12 வோல்ட்தான், தொட்டால் ஷாக் அடிக்காது என்று பயமில்லாமல் இருக்கிறார்கள். ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் அது வண்டியை எரித்துவிடும். பேட்டரியின் மைனஸ் முனை வண்டியின் இரும்பு உடம்போடு சேர்ந்திருக்கிறது. பிளஸ் ஒயர் தோல் உரிந்து இரும்பில் பட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் ஒரே நொடியில் பாயும். ஒயர் பழுத்துச் சிவக்கும்.

இதைத் தடுக்கும் காவல்காரன் பியூஸ். புது ஒயர் இழுத்தால், பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் வையுங்கள். தூரத்தில் வைத்தால், நடுவில் உள்ள ஒயருக்குக் காவல் இல்லை. எத்தனை ஆம்பியர் பியூஸ்? கணக்குப் போடுவோம். 60 வாட் பல்பு இரண்டு. மொத்தம் 120 வாட். அதை 12-ஆல் வகுத்தால் 10 ஆம்பியர். இதற்கு 15 ஆம்பியர் பியூஸ் போதும். ஒயரும் அதைத் தாங்கும் தடிமனில் இருக்க வேண்டும். தட்டை பியூஸின் தலையில் எண் எழுதியிருக்கும். 15 என்றால் நீலம். 30 என்றால் பச்சை. பியூஸ் போனால் 30 போடுவதும், சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றுவதும் காவல்காரனை வீட்டுக்கு அனுப்புவது போல.

இனி ஜாயின்ட். முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். ஏன் மைனஸ்? அதைக் கழற்றும்போது ஸ்பானர் வண்டி உடம்பில் பட்டாலும் பொறி பறக்காது.

ஒயரின் தோலை இரண்டு சென்டிமீட்டர் சீவுங்கள். செம்பு இழை ஒன்றுகூட அறுபடக் கூடாது. முறுக்கும் முன்பே, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் குழாயை ஒயரில் நுழைத்துவிடுங்கள். இதை மறக்காதவர் யார்? மறந்தால் முறுக்கியதைப் பிரிக்க வேண்டும். இரண்டு முனைகளையும் குறுக்கே வைத்து, ஒன்றின் மேல் ஒன்றை இறுக்கமாகச் சுற்றுங்கள். பிறகு ஈயம் வைத்துப் பற்ற வையுங்கள். சாலிடரிங் கோலால் செம்பைச் சூடாக்குங்கள். சூடான செம்பில் ஈயம் தானாக உருகி ஓடும். ஆறியதும் குழாயை ஜாயின்ட் மேல் நகர்த்தி, சூடு காட்டுங்கள். பேட்டரி அருகே மட்டும் நெருப்பு வேண்டாம். அதிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும்.

ஈயம் வைத்த இடம் விறைப்பாக இருக்கும். ஆடினால் அதன் ஓரத்தில் ஒடியும். அதனால் ஒயரை இரண்டு பக்கமும் கட்டி வையுங்கள். இரும்புத் துளைக்குள் ஒயர் போனால் ரப்பர் வளையம் போடுங்கள்.

கடைசியாக மைனஸ் முனையை மாட்டுங்கள். விளக்கைப் பத்து நிமிடம் எரியவிட்டு அணையுங்கள். ஜாயின்ட்டைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், வெட்டி மறுபடி போடுங்கள்.