அடுத்து என்ன படிக்கப் போகிறீர்கள்?

சிங்கப்பூரில் அங் மோ கியோ பொது நூலகத்தில் தமிழ் வாசகர் வட்டம் ஒன்று பல ஆண்டுகளாகக் கூடி வருகிறது. இதுபோன்ற வட்டங்கள் நடைபெற மேடையோ மாலையோ பொன்னாடையோ தேவையில்லை. வட்டமாகப் போட்ட சில நாற்காலிகளும் படிப்பதில் ஆர்வமுள்ள சிலரும் இருந்தால் போதும். ஒருவர் தாம் படித்த கதையைப் பற்றிப் பேசுவார். மற்றவர்கள் கேட்பார்கள், குறுக்கிடுவார்கள், மறுப்பார்கள். தேநீர் வேளையில் பேச்சு இன்னும் சூடுபிடிக்கும்.

புத்தக விரும்பிகள் இருவர் சந்தித்தால் இரண்டு கேள்விகள் தவறாமல் எழும். இப்போது என்ன படிக்கிறீர்கள் என்பது ஒன்று. அடுத்து என்ன படிக்கப் போகிறீர்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை சொல்வது எளிது. கையில் இருக்கும் புத்தகத்தைத் தூக்கிக் காட்டிவிடலாம். இரண்டாவது கேள்விதான் சுவையானது. அதற்குப் பதில் சொல்பவர் பெரும்பாலும் வேறொருவர் தமக்குச் சொன்ன புத்தகத்தின் பெயரைத்தான் சொல்வார். "நண்பர் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறார், அதனால் எடுத்து வைத்திருக்கிறேன்" என்பார். ஒரு கதை ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போய்ச் சேரும் வழி இதுதான்.

தமிழ்க் கதைகளுக்கு இந்த வழி மிகவும் தேவைப்படுகிறது. புகழ்பெற்ற ஆங்கில நாவல் ஒன்று வெளிவரும்போது புத்தகக் கடையின் கண்ணாடியில் அதன் படம் பெரிதாக நிற்கும். சிங்கப்பூரில் எழுதப்படும் தமிழ்ச் சிறுகதைத் தொகுப்புக்கு அந்த வாய்ப்பு இல்லை. வெளியீட்டு விழா ஒன்று நடக்கும், நாளிதழில் ஒரு செய்தி வரும். அதன் பிறகு புத்தகம் நூலக அடுக்கில் அமைதியாக நின்றுவிடும். படித்த ஒருவர் படிக்காத ஒருவரிடம் அதைப் பற்றிச் சொன்னால்தான் அது மறுபடியும் அடுக்கைவிட்டு இறங்கும்.

இந்தப் பழக்கம் சிங்கப்பூருக்குப் புதிதன்று. கோ. சாரங்கபாணி 1935ஆம் ஆண்டு தமிழ் முரசைத் தொடங்கினார். எழுத்தறிந்தவர்கள் குறைவாக இருந்த அந்தக் காலத்தில், நாளிதழை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்பது வழக்கம். தமிழகத்திலிருந்து வார இதழ்கள் கப்பலில் வந்தன. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தொடராக வெளிவந்தது. அடுத்த இதழ் கைக்கு வரும்வரை, வந்தியத்தேவனுக்கு என்ன ஆகும் என்று வாசகர்கள் தங்களுக்குள் ஊகித்துப் பேசிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அதே கதை 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகத் திரைப்படமாக வந்தபோது, ஐந்து பாக நாவலைத் தேடி எடுத்த இளையர்கள் பலர். படம் முடிந்த இடத்திலிருந்து கேள்விகளோடு புத்தகத்துக்குள் நுழைவது தவறான வழியன்று.

அக்காலச் சிங்கப்பூர் வாசகர்கள் தொடர்கதையோடு நின்றுவிடவில்லை. 1950களின் தொடக்கத்தில் எழுத்தாளர் புதுமைப்பித்தனைப் பற்றித் தமிழ் முரசில் காரசாரமான விவாதம் நடந்தது. அவர் 1948ஆம் ஆண்டில் மறைந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கடல் கடந்த ஊரில் வேலைக்கும் கடைக்கும் போய்வந்துகொண்டிருந்தவர்கள், மறைந்த எழுத்தாளர் ஒருவரின் கதைகள் உயர்ந்தவையா அல்லவா என்று எதிரெதிர் அணியாக நின்று எழுதினார்கள். கதைகள் அவர்களுக்குப் பொழுதுபோக்கு மட்டும் என்றால் இவ்வளவு சினம் வந்திருக்காது.

புதுமைப்பித்தனைப் படித்து மனத்தைப் பறிகொடுத்தவர்களுள் ஒருவர் பி. கிருஷ்ணன். 1932ஆம் ஆண்டு ஜோகூர் பாருவில் பிறந்தவர். அவர் தமக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் புதுமைதாசன். தமக்குப் பிடித்த எழுத்தாளரைப் பற்றிப் பிறரிடம் சொல்ல இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. ஒவ்வொரு முறை பெயரைக் கேட்கும்போதும், "யார் அந்தப் புதுமை?" என்று யாராவது கேட்கத்தானே வேண்டும்! பிற்காலத்தில் அவர் எழுதிய 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' என்ற வானொலி நாடகத் தொடர், புதிதாக எழும்பிய அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய சிங்கப்பூரர்களின் வாழ்க்கையைப் பேசியது. படித்தது ஓர் ஊரின் கதைகளை. எழுதியது தம் ஊரின் கதையை. 2008ஆம் ஆண்டு அவருக்குச் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது.

அதே காலத்தில் ஜோகூர் நீரிணைக்கு அப்பால், கோலாலம்பூரில், தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்ற 1952ஆம் ஆண்டு வந்து சேர்ந்தார் கு. அழகிரிசாமி. தமிழ்நாட்டின் இடைசெவல் என்னும் சிற்றூரில் பிறந்தவர். அங்கு அவருக்கு வாய்த்த வாசிப்புத் தோழர், பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான கி. ராஜநாராயணன். ஒரே ஊரில் பிறந்து, படித்ததையெல்லாம் பேசித் தீர்த்த நண்பர்கள் இருவருமே தமிழின் சிறந்த கதைஞர்கள் ஆனார்கள். அழகிரிசாமி 1957 வரை மலாயாவில் இருந்தார். அங்குள்ள எழுத்தாளர்களை ஒன்றுகூட்டிக் கதைகளைப் பற்றிப் பேச வைத்தார்.

அவருடைய 'அன்பளிப்பு' என்ற சிறுகதையை இங்கே சொல்ல வேண்டும். அதுவும் புத்தகங்களைப் பகிர்ந்துகொள்வதைப் பற்றிய கதைதான். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் ஓர் இளைஞரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். அவர் கொண்டுவரும் புத்தகங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். அவர் வீட்டுக்குள் புகுந்து புத்தகங்களைக் கலைத்துப் போடுகிறார்கள். அவரும் மகிழ்ச்சியோடு பொறுத்துக்கொள்கிறார். அந்தக் கூட்டத்தில் சாரங்கன் என்றொரு சிறுவன் இருக்கிறான். மற்றக் குழந்தைகள் அன்பை உரிமையோடு பறித்துக்கொள்கிறார்கள். அவனுக்கு அது தெரியவில்லை. ஒருநாள் அவர் வேறு இரண்டு குழந்தைகளுக்குப் பரிசு தருகிறார். சாரங்கனுக்குத் தரவில்லை. அவர் கெட்டவர் அல்லர். அவனைப் பற்றி நினைக்கவில்லை, அவ்வளவுதான். அதன்பின் சாரங்கன் என்ன செய்தான் என்பதை இங்கே எழுதக் கூடாது. கதையின் உயிர் அதன் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அழகிரிசாமி மறைந்த 1970ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருது இக்கதையின் பெயரைத் தாங்கிய தொகுப்புக்கே வழங்கப்பட்டது.

ஒரு கதையைப் பிறருக்குச் சொல்லும்போது எங்கே நிறுத்துவது என்பதுதான் சிக்கல். "கதை மிகவும் நன்றாக இருந்தது" என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்கு எதுவும் தெரியாது. முழுக்கதையையும் ஒப்பித்துவிட்டால் அவர் படிக்க எதுவும் மிஞ்சாது. நல்ல வாசகர்கள் இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். யாருக்கு, எங்கே, என்ன நெருக்கடி என்பதுவரை சொல்கிறார்கள். பிறகு, அந்தக் கதை தமக்குள் எதைக் கிளறியது என்று சொல்கிறார்கள். சாரங்கனைப் பற்றிப் பேசும் ஒருவர், விளையாட்டுக்குழுவில் கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாளை நினைவுகூரலாம். இன்னொருவர், பிள்ளைகளில் யாரையாவது கவனிக்காமல் விட்டோமா என்று யோசிக்கும் ஆசிரியராக இருக்கலாம். கதை ஒன்று, அதைப் பற்றிய பேச்சு இரண்டு. பிடிக்கவில்லை என்று சொல்பவரும் வட்டத்துக்குத் தேவை. ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு அவர் காரணம் தேடும்போது, பிடித்தவரும் தம் காரணத்தைத் தேடியாக வேண்டியிருக்கிறது.

இந்தக் கறாரான பேச்சைச் சிங்கப்பூர்க் கதைகளின் பக்கம் திருப்பியவர் நா. கோவிந்தசாமி. ஆசிரியராகவும் விரிவுரையாளராகவும் பணியாற்றிய அவர், 1977ஆம் ஆண்டு இலக்கியக் களம் என்ற அமைப்பைத் தோற்றுவித்தார். உள்ளூரில் வெளிவரும் சிறுகதைகளைப் படித்து, குறைநிறைகளை வெளிப்படையாகப் பேசுவது அதன் வேலை. எழுதியவரையே எதிரில் வைத்துக்கொண்டு அவர் கதையின் குறையைச் சொல்வது சிறிய ஊரில் எளிதன்று. மறுநாள் அதே மனிதரைத் தேக்காச் சந்தையில் காய்கறி வாங்கும்போது பார்க்க நேரிடும். ஆனாலும் பாராட்டு மட்டுமே கேட்டு வளர்ந்த கதை கடல் தாண்டாது என்பதை அந்தத் தலைமுறை அறிந்திருந்தது. இராம. கண்ணபிரானின் 'இருபத்தைந்து ஆண்டுகள்', மா. இளங்கண்ணனின் 'வைகறைப் பூக்கள்' ஆகியவை அதற்குப் பின் வந்த நூல்கள். தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளில் ஒருவராகவும் கோவிந்தசாமி நினைக்கப்படுகிறார். கதைகளைப் படிக்க ஆள் சேர்த்தவரே, அவற்றை ஏற்றிச் செல்லப் புது வாகனமும் தேடினார் என்பது தற்செயல் அன்று.

பலர் ஒரே கதையைப் படித்துப் பேசும் வழக்கம் வேறு நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவின் சியாட்டல் நகரில் நான்சி பேர்ல் என்ற நூலகர் 1998ஆம் ஆண்டு, நகரத்தார் அனைவரும் ஒரே நாவலைப் படித்தால் என்ன என்று கேட்டார். அந்த எண்ணம் பல நகரங்களுக்குப் பரவியது. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் 2005ஆம் ஆண்டு தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நான்கு அதிகாரத்துவ மொழிகளின் கதைகளும் இடம்பெற்றன.

இன்று லிட்டில் இந்தியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையில் போகும் ஒருவர், சிராங்கூன் சாலை நெடுகிலும் மல்லிகைச் சரத்தையும் மசாலைப் பொருளையும் நகையையும் சேலையையும் எளிதில் காணலாம். புதிய தமிழ் நாவலைக் காண்பது அவ்வளவு எளிதில்லை. அதனால் வாசகர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். சனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும்போது ஊருக்குப் போகிறவரிடம் பட்டியல் கொடுத்துவிடுகிறார்கள். அவர் திரும்பி வரும்போது பெட்டியின் எடையில் பாதி புத்தகமாக இருக்கும். மாவடு, முறுக்கு, வற்றல் எல்லாம் மீதிப் பாதிக்குள் அடங்க வேண்டும். பழைய சிங்கப்பூர் நூல்களைத் தேடுவோருக்கு அந்தக் கவலை இல்லை. சிங்கப்பூரின் 50ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2015ஆம் ஆண்டு, அதற்கு முந்திய 50 ஆண்டுகளில் இங்கு வெளியான தமிழ் இலக்கிய நூல்களைத் தொகுத்து மின்வடிவாக்கும் பணி நிறைவேறியது. தாத்தா காலத்துச் சிறுகதையை இன்று பேருந்தில் அமர்ந்து கைப்பேசியில் படிக்கலாம். ஆனால் அப்படி ஒரு கதை இருக்கிறது என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடையே இந்தப் பேச்சு நடக்காமல் இல்லை. ஆங்கில மர்ம நாவல்களையும் கொரியச் சித்திரக் கதைகளையும் பற்றி இடைவேளையில் விறுவிறுப்பாகப் பேசுகிறார்கள். யார் எந்த அத்தியாயத்தில் இருக்கிறார் என்பதுகூட வகுப்புக்கே தெரிந்திருக்கும். முடிவைச் சொல்லிவிட்டவருடன் இரண்டு நாள் பேசாமல் இருப்பவரும் உண்டு. அதே பேச்சில் ஒரு தமிழ்க் கதையின் பெயர் விழுவதுதான் அரிது. தமிழில் படிப்பது மெதுவாகப் போகிறது என்று சிலர் தயங்குகிறார்கள். அவர்களுக்குச் சிறுகதை உதவும். பத்துப் பக்கத்தில் முடிந்துவிடும்; ஒருநாள் மாலையில் படித்து மறுநாள் காலையில் பேசலாம்.

பேசத் தொடங்கிய பிறகு வரும் சிக்கல்கள் வேறு வகையானவை. வட்டம் கலையும் நேரத்தில் அடுத்த மாதத்துக்கான புத்தகம் முடிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐவர் அதைக் கைப்பேசியில் குறித்துக்கொள்கிறார்கள். அருகிலுள்ள கிளை நூலகத்தில் ஒரு பிரதிதான் இருக்கிறது. இரவல் காலம் 21 நாள். கூட்டமோ அடுத்த மாதமே. ஆளுக்கு 4 நாள் என்று பங்கிட்டுக்கொண்டால் ஐவரும் படித்துவிடலாம். ஆனால் முதலில் எடுத்துப் போகிறவர் மெதுவாகப் படிப்பவர் என்பது எல்லோருக்கும் தெரியும். "அப்படியானால் நான் கடைசியாக வாங்கிக்கொள்கிறேன்" என்று அவரே சொல்லிவிட்டு, அதுவரை படிக்க வேறு என்ன இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறார்.