உடை தைக்கத் தொடங்குவோர் அறியவேண்டியவை

பாலாற்றங்கரையிலுள்ள பள்ளிகொண்டாவைச் சூழ்ந்த வேலூர், ஆம்பூர்ப் பகுதிகள் தோல் தொழிலிற் பிரசித்தி பெற்றவை. தோலில் ஊசி தவறினால் துவாரம் மறையாது. துணியிலோ பிழையான தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். ஆயின் குறைத்து வெட்டிய துணி வளராது. ஆகவே நிதானம் வேண்டுவது கத்தரியிலேயாம்.

புதிதாய்ப் பயில்வோர் ரவிக்கையை விடுத்து, பெரும்பாலும் நேர்த்தையலே உடைய பாவாடையில் தொடங்குதல் நலம். கோடியான பருத்தித் துணியை முதலில் நனைத்து உலர்த்துக. இன்றேல் தைத்த உடை சலவையிற் சுருங்கும். பின்னர் அளவெடுத்து, சுண்ணக்கட்டியாற் கோடிட்டு, தையலுக்கென ஓரங்களில் அரை அங்குலம் மிகுதியாக விட்டு வெட்டுக.

இயந்திரத்தில் தைக்குமுன், கையால் நீண்ட ஓட்டுத்தையலிட்டு உடுத்திப் பார்த்தல் அவசியம். பிழையிருப்பின் அந்நூலை உருவித் திருத்தலாம், துணி வீணாகாது.