ஊர்ப்புறக் குரங்குகளும் உணவுக் கணக்கும்

வட இந்தியாவின் பல நகரங்களில், பொழுது விடிந்ததும் மதிற்சுவர்களின் மீதும் மாடிகளின் மீதும் குரங்குக் கூட்டங்கள் வரிசையாகச் செல்வதைக் காணலாம். குடிநீர்த் தொட்டியின் மூடியை அகற்றுதல், உலர்த்திய துணிகளைக் கிழித்தல், கடைத்தெருவில் வருவோரின் கைப்பையைப் பறித்தல் ஆகியவை அவற்றின் அன்றாடச் செயல்களாகிவிட்டன. தொல்லை சில வேளைகளில் உயிரிழப்பிலும் முடிந்துள்ளது. 2007-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், டில்லி மாநகராட்சியின் துணை மேயர் எஸ். எஸ். பாஜ்வா, தம் வீட்டு மாடியில் குரங்குகள் தாக்கியபோது கீழே விழுந்து காலமானார். இமாசலப் பிரதேசத்தில் குரங்குகளின் தொல்லை பொறுக்காமல் விளைநிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்ட உழவர் பலர்.

இத்தனைக்கும் இதே பிராணி அருகிவிடுமோ என்று விஞ்ஞானிகள் கவலை கொண்ட காலமும் ஒன்று உண்டு. அருகிய நிலை எவ்வாறு பெருக்கமாக மாறிற்று என்பதை அறிந்தால், பரிகாரம் எங்கே உள்ளது என்பதும் விளங்கும்.

பிராணியின் இயல்பு

இங்கே குறிப்பிடப்படுவது செம்முகக் குரங்கு. விஞ்ஞானப் பெயர் மக்காக்கா முலாட்டா. தென்னாட்டில் பரவலாகக் காணப்படும் நாட்டுக் குரங்கு இதன் நெருங்கிய இனம், ஆயினும் வேறானது. செம்முகக் குரங்கு ஆணும் பெண்ணும் குட்டிகளுமாகக் கூட்டமாய் வாழும். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடும். ஆண்கள் பருவமடையும்போது வேறு கூட்டத்தை நாடிச் செல்லும். கருப்ப காலம் ஏறத்தாழ ஐந்தரை மாதம். பொதுவாக ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டி. உணவு நிறைந்த இடத்தில் பெண் குரங்கு பெரும்பாலும் ஆண்டுதோறும் ஈனும். உணவு குறைந்த இடத்தில் இடைவெளி நீளும். இவ்வேறுபாடே இப்பாடத்தின் அடிப்படை.

காட்டில் இலை, கனி, கிழங்கு, பட்டை, பூச்சி ஆகியவற்றைத் தேடித் தின்பதில் குரங்கின் பகற்பொழுதில் பெரும்பங்கு கழியும். நகரத்திலோ ஒரு ரொட்டித் துண்டும் இரண்டு வாழைப்பழமும் சில நொடிகளில் அதே பசியைத் தீர்த்துவிடும். கன்னப்பைகளில் உணவை விரைவாக அடைத்துக்கொண்டு ஓடும் வசதி இருப்பதால், பறித்துத் தின்பது குரங்குக்கு எளிய தொழிலாகிறது.

குறைந்ததும் பெருகியதும்

1959-60-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் சவுத்விக், அலிகாரைச் சேர்ந்த இந்திய ஆய்வாளர்களுடன் உத்தரப் பிரதேசத்தில் குரங்குகளைக் கணக்கெடுத்தார். காட்டைவிடக் கிராமங்களிலும், நகரங்களிலும், கோயில்களிலும், சாலையோரங்களிலுமே இவை மிகுதியாக வாழ்ந்தன என்பது அதனால் தெரியவந்தது. ஆகவே, மனிதரை அடுத்து வாழ்தல் இப்பிராணிக்குப் புதிய பழக்கம் அன்று. கூட்டங்களில் இளங்குரங்குகள் மிகக் குறைவாக இருந்தன என்பது அக்கணக்கெடுப்பின் மற்றொரு முடிவு. இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்து தயாரிப்பதற்கும் பிற ஆராய்ச்சிகளுக்கும் அக்காலத்தில் ஆண்டுதோறும் இலட்சத்துக்கு மேற்பட்ட குரங்குகள் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாயின. பிடிக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை இளங்குரங்குகளே.

1978-ம் ஆண்டில் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. அதே காலத்தில் நகரங்கள் விரிந்தன, குப்பை பெருகிற்று, சாலையோரங்களில் உணவிடுவோர் மிகுந்தனர். கூட்டத்தைக் குறைத்த காரணம் நீங்கியது. கூட்டத்தை வளர்க்கும் காரணம் வலுப்பெற்றது. குரங்கின் இயல்பு மாறவில்லை. மாறியது மனிதர் அமைத்த சூழ்நிலையே.

எண்ணிக்கையின் கணிதம்

ஒரு குடியிருப்பில் 100 குரங்குகள் இருப்பதாகவும், உணவு மிகுதியால் அவை ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினைந்து வீதம் பெருகுவதாகவும் கணக்குக்காகக் கொள்வோம். ஐந்தாம் ஆண்டின் முடிவில் அவை 201 ஆகும். பத்தாம் ஆண்டின் முடிவில் 400-ஐத் தாண்டும். இனி, முதலிலேயே முப்பது குரங்குகளைப் பிடித்து அகற்றியதாகவும், உணவு முன்போலவே கிடைப்பதாகவும் வைத்துக்கொள்ளலாம். எஞ்சிய 70 குரங்குகள் முதலாண்டின் முடிவில் ஏறத்தாழ 80 ஆகும்; இரண்டாம் ஆண்டில் 93; மூன்றாம் ஆண்டில் 106. மூன்றே ஆண்டுகளில் செலவும் உழைப்பும் வீணாயின. அயற்கூட்டங்கள் காலியிடத்தில் வந்து புகுதல் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. சேர்த்தால் காலம் இன்னும் சுருங்கும்.

வேறிடத்துக்குக் கொண்டுபோதல்

இக்கணக்கை அனுபவமும் உறுதிப்படுத்துகிறது. 1997-ம் ஆண்டு ஜனவரியில் பிருந்தாவனத்திலிருந்து 600 குரங்குகள் எட்டுக் காட்டிடங்களுக்கு மாற்றப்பட்டன. விட்ட இடங்களில் அவை நன்கு நிலைபெற்றன என ஆய்வாளர் பதிவு செய்தனர். அந்த அளவில் முயற்சி வெற்றியே. ஆயினும் பிருந்தாவனத்துக்கு வரும் யாத்திரிகரிடமிருந்து குரங்குகள் மூக்குக்கண்ணாடியைப் பறிப்பது இன்றும் நின்றபாடில்லை. குரங்குகள் போயின; உணவு அங்கேயே இருந்தது.

டில்லியில் 2007-ம் ஆண்டு உயர்நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி, நகரக் குரங்குகள் தெற்கு எல்லையிலுள்ள அசோலா-பாட்டி சரணாலயத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கே அவற்றுக்கு உணவும் அளிக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் இவ்வாறு மாற்றப்பட்டவை 20,000-க்கு மேல். ஆனால் மதிலைத் தாண்டி அருகிலுள்ள குடியிருப்புகளுக்குக் குரங்குகள் வருவதாகப் புகார் எழுந்தது. நகரின் நடுவிலும் அவை மறையவில்லை. 2023-ம் ஆண்டில் ஜி-20 மாநாடு கூடியபோது, செம்முகக் குரங்கை அச்சுறுத்துவதற்காகக் கருமுகமும் நீண்ட வாலும் உடைய முசுவின் உருவப் பலகைகளைச் சாலையோரங்களில் நிறுத்தவும், முசுவைப்போலக் குரலெழுப்புவோரை அமர்த்தவும் வேண்டியதாயிற்று. இத்தகைய அச்சுறுத்தல் குரங்கை அடுத்த தெருவுக்கு அனுப்புமேயன்றி அதன் தொகையைக் குறைக்காது.

கருத்தடை

இமாசலப் பிரதேசக் காட்டிலாகா 2006-07 முதல் குரங்குகளுக்குக் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விட்டுவருகிறது. இதற்கான முதல் நிலையம் சிம்லாவை அடுத்த துட்டிக்கண்டியில் அமைந்தது. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட குரங்குகளுக்கு இச்சிகிச்சை செய்யப்பட்டுள்ளது. அம்மாநிலத்தில் 2004-ம் ஆண்டில் மூன்று இலட்சத்துக்கு மேலிருந்த தொகை, 2015-ல் ஏறத்தாழ 2,07,000 ஆகவும், 2020-ஐ ஒட்டிய கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,36,000 ஆகவும் இறங்கியது.

இம்முறையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது: ஓர் ஆண் பல பெண்களுடன் கூடுமாதலால், ஆண்களில் சிலவற்றை விட்டுவிட்டாலும் பிறப்பு குறையாது, பெண்களுள் பெரும்பகுதிக்குச் சிகிச்சை செய்தல் இன்றியமையாதது. இரண்டாவது: குரங்கு இருபதாண்டுக்கு மேலும் வாழக்கூடியது. கருத்தடை பிறப்பை நிறுத்துமேயன்றி, இருக்கும் குரங்கின் பசியையோ பழக்கத்தையோ நீக்காது. பலன் தோன்றப் பல்லாண்டுகள் ஆகும் என்பதை மக்களுக்கு முன்னரே எடுத்துக் கூறுதல் நலம்.

உணவு வழியை அடைத்தல்

ஆகவே எம்முறையைக் கைக்கொண்டாலும், அதனுடன் உணவுக் கட்டுப்பாடு சேராவிடில் பயனில்லை. செவ்வாயிலும் சனியிலும் அனுமனை எண்ணிக் குரங்குகளுக்குப் பழமும் கடலையும் இடுதல் வட நாட்டில் வேரூன்றிய வழக்கம். இது பக்தியின்பாற்பட்டதாகையால், பழித்துப் பேசுவதால் நிற்காது. வீட்டு வாயிலில் உணவு பெற்ற குரங்கு மறுநாள் அங்கே ஒரு குழந்தையின் கையிலிருப்பதைப் பறிக்கும் என்பதையும், அடிபடுவது முடிவில் அக்குரங்கே என்பதையும் கோயில் நிர்வாகிகள் வாயிலாகவே எடுத்துக் கூற வேண்டும். உயிரிரக்கம் உடையோர் ஏற்கத்தக்க காரணம் இது.

குப்பைத் தொட்டிகளுக்குக் குரங்கு திறக்க இயலாத மூடி வேண்டும். குப்பையை மாலையில் வெளியே வைத்து இரவு முழுவதும் விட்டுவிடாமல், வண்டி வரும் நேரத்தில் கொடுத்தல் நன்று. சந்தை முடிந்ததும் அழுகிய காய்கனிகளை அன்றே அகற்ற வேண்டும். சமையலறைச் சன்னல்களுக்குக் கம்பி வலையும், குடிநீர்த் தொட்டிகளுக்குத் தாழும் தேவை. ஒரு வீட்டார் மட்டும் செய்தால் தொல்லை அடுத்த வீட்டுக்கு மாறும். தெரு முழுவதும் ஒருங்கே செய்ய வேண்டும். உணவைத் திடீரென நிறுத்தினால் சில நாட்கள் குரங்குகளின் துணிவு மிகக்கூடும். அந்நாட்களில் குழந்தைகளையும் முதியோரையும் கவனமாகக் காக்க வேண்டும்.

நேர்ப்படும்போது

செம்முகக் குரங்கு உற்று நோக்கி வாயைத் திறந்தால் அது மிரட்டல். பதிலுக்கு உற்று நோக்குதலும், கல்லெறிதலும், குட்டியை அணுகுதலும் தாக்குதலை வரவழைக்கும். பார்வையைத் தாழ்த்தி, ஓடாமல், மெல்லப் பின்வாங்குவதே முறை. மாடியின் விளிம்பில் நின்று குரங்கை விரட்டலாகாது. கையிலுள்ள பண்டத்தைப் பற்றி இழுத்தால் அதை விட்டுவிடுவதே அறிவுடைமை.

கடியோ கீறலோ பட்டால், அவ்விடத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் முதலியவற்றைத் தடவலாகாது. காயம் சிறிதாயினும் அன்றே மருத்துவமனையை அடைதல் வேண்டும். குரங்கின் கடியாலும் வெறிநோய் பரவக்கூடும்; நோய் கண்ட பின் காப்பாற்றுதல் அரிது, முன்னரே ஊசி போட்டுக்கொண்டால் தடுக்கலாம்.

1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்ட அட்டவணையிலிருந்து 2022-ம் ஆண்டுத் திருத்தத்தால் செம்முகக் குரங்கு நீக்கப்பட்டது. இதைக் கொண்டு எவரும் நஞ்சிடலாம், துன்புறுத்தலாம் என்று கருதுவது பிழை. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960, இதற்கும் உரியது.

களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும்

களப்பணியாளர் குறிப்பேட்டில் கூட்டம் காணப்பட்ட இடம், நேரம், வளர்ந்த ஆண், வளர்ந்த பெண், குட்டி ஆகியவற்றின் தனித்தனி எண்ணிக்கை, அங்கே கிடைத்த உணவு, கடிபட்டோர் விவரம் ஆகியவை இடம்பெற வேண்டும். நூறு பெண்களுக்கு எத்தனை குட்டிகள் என்னும் விகிதம், மொத்தத் தொகையைவிட வருங்காலத்தைத் தெளிவாகக் காட்டும்.

ஆசிரியர் வகுப்பில் பின்வரும் பயிற்சிகளைக் கொடுக்கலாம்:

1. மேற்கூறிய 100 குரங்குகளின் பெருக்கத்தைப் பத்தாண்டுகளுக்குக் கணக்கிட்டு வரைபடம் வரைக. வீதம் நூற்றுக்கு ஐந்தாகக் குறைந்தால் கோடு எவ்வாறு மாறும்?

2. பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் மூடியுள்ள குப்பைத் தொட்டிகளையும், மூடியில்லாதவற்றையும் ஒரு வாரம் எண்ணுக. காகம், நாய், குரங்கு ஆகியவை எவற்றை நாடுகின்றன என்று பதிவு செய்க. பிராணிகளை அணுகாமல் தொலைவிலிருந்தே நோக்குக.

3. சிற்றுண்டியின் மிச்சத்தை வெளியே எறியாமல் ஒரு மாதம் சேர்த்து அகற்றுக. மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் பள்ளி வளாகத்துக்கு வந்த பிராணிகளின் எண்ணிக்கையை ஒப்பிடுக.

மூன்றாம் பயிற்சியின் முடிவை மாணவர் வீட்டிலும் எடுத்துரைக்குமாறு செய்தல் வேண்டும். ஊரின் உணவுக் கணக்கு அவ்வீடுகளிலிருந்தே தொடங்குகிறது.