கை எட்டும் உயரம்

அரியலூர்

அன்புள்ள மாணவிக்கு,

பெங்களூரு டைடாக் இந்தியா கல்விக் கண்காட்சிக்குப் போகப் போவதாக நேற்று போனில் சொன்னாய். "என்னென்ன பார்க்கணும் சார்?" என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. அதுவும் நல்லதுதான், எழுதினால் யோசித்துச் சொல்லலாம்.

பஸ் ஏறுவதற்கு முன் ஒரு வேலை செய். நீ பாடம் நடத்தும் பள்ளியிலேயே குள்ளமான பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, கையை உயர்த்தச் சொல். விரல் நுனி எட்டும் உயரத்தை டேப் வைத்து அளந்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்.

காரணம் உனக்கே தெரிந்ததுதான். 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ஆந்திரத்து ரிஷி வேலியில் முளைத்த முறை அது. 2007-08-இல் அது மாநிலம் முழுக்க வந்தபோது நீ என்னிடம் ஒன்றாம் வகுப்பு. அட்டைகள், கற்றல் ஏணி, பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடத் தலைக்கு மேலே கம்பிப் பந்தல் என்று எல்லாவற்றின் மீதும் எனக்குச் சந்தேகம் இருந்தது. சந்தேகமே வராத ஒன்று, சுவரின் அடியில் சுற்றிலும் பூசிய தாழ்மட்டக் கரும்பலகை. ஆளுக்கொரு கட்டம். மண்டியிட்டு நீ 'ழ' எழுதுவாய். கடைசிச் சுழி ஒவ்வொரு தடவையும் தரையில் போய் இடிக்கும். செலவு, சில டப்பா பெயின்ட். அதுவரை வாத்தியார் கைக்கு மட்டும் எட்டிய பலகை அன்றுதான் பிள்ளைகள் கைக்கு வந்தது.

போன மாதம் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். பளபளவென்று தொடுதிரை மாட்டியிருந்தார்கள். அதன் கீழ் விளிம்பே நாலரை அடி. விடையைத் தொடுவதற்கு மூன்றாம் வகுப்புப் பையன் பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினான். டீச்சர் பதறி, "இறங்குடா, நானே தொடுறேன்" என்றார். இவ்வளவு செலவழித்தும் பலகை பழையபடி பெரியவர் கைக்கே போய்விட்டது.

ஆகவே ஸ்டாலில் டெமோ காட்டுபவர் தொட்டுக் காட்டும்போது திரையைப் பார்க்காதே, அவர் கையைப் பார். அந்தக் கை இருக்கும் இடத்தில் உன் பிள்ளையின் கை இருக்குமா என்று கேள். தலையில் மாட்டும் விஆர் கருவி ஒன்றைக் காட்டுவார்கள். மாட்டியதும் டைனோசர் எதிரே வந்து நிற்கும். உனக்கும் மெய் சிலிர்க்கும். கழற்றிவிட்டுக் கணக்குப் போடு. ஒரு கருவி, 40 பிள்ளைகள், ஆளுக்கு 3 நிமிஷம் என்றால் 120 நிமிஷம். உன் பீரியடோ 40 நிமிஷம். மிச்சப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று அவரிடமே கேள்.

பழங்கால உயிர்களைக் காட்ட நம் மண்ணிலேயே இன்னொரு வழியும் உண்டு. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் கடல் இருந்தது. நம் சிமென்ட் ஆலைகள் வெட்டும் சுண்ணாம்புக்கல் அதன் மிச்சம்தான். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது, 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்தது. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமே இருக்கிறது. 2020-இல் உங்கள் குன்னம் பக்கம் மண் வெட்டும்போது உருண்டைக் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் ஓடியதே, ஞாபகம் இருக்கிறதா? வல்லுநர்கள் வந்து, அது முட்டை இல்லை, அம்மோனைட் படிவம் என்றார்கள். அதைவிட நல்ல அறிவியல் பாடத்தை எந்த ஸ்டாலில் விற்பார்கள்?

அதற்காகத் திரையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அம்மோனைட் உயிரோடு நீந்தியதைக் கல் காட்டாது, அசைபடம் காட்டும். சுருளுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு அறைகளை 40 பேரும் ஒரே நேரத்தில் பார்க்க, கல்லின் மேல் பிடித்துப் பெரிதாக்கும் டாக்குமென்ட் கேமரா போதும். கண்காட்சியில் அது ஏதாவது மூலையில் கூட்டமில்லாமல் இருக்கும். அங்கே நில்.

கருவியைக் கொடுத்தால் மட்டும் போதாது. பெரு நாட்டில் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி கொடுத்தார்கள். 2012-இல் வெளிவந்த ஆய்வில் கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தெரியவில்லை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் மென்பொருளை வைத்து நடத்திய மையங்களில் நாலரை மாதத்திலேயே கணக்கு நன்றாக ஏறியது; அந்த ஆய்வு 2019-இல் வெளியானது. ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடித்து, அங்கிருந்தே சொல்லிக் கொடுத்தது அந்த மென்பொருள். நீ ஏறிய அட்டை ஏணியும் அதைத்தான் செய்தது. செயற்கை நுண்ணறிவு என்று எழுதிய ஸ்டாலில் இதை மட்டும் சோதி: எட்டாம் வகுப்புப் பையனுக்குக் கழித்தலே வரவில்லை என்றால் இது என்ன செய்யும்? தமிழ் வாசிப்பைத் திருத்தும் என்றால், நம் பிள்ளைகள் போல "ப… ள்… ளி" என்று தடுக்கித் தடுக்கி வாசித்துக் காட்டு. ஒழுங்காக வாசிப்பவனைப் புரிந்துகொள்ள யாராலும் முடியும்.

என் தவறு ஒன்றையும் கேட்டுக்கொள். ஊர்க்காரர்களிடம் வசூல் செய்து ஒரு புரொஜக்டர் வாங்கினேன். இரண்டு வருஷத்தில் பல்பு போனது. விற்ற கம்பெனிக்குப் போன் போட்டுப் போட்டு அலுத்தேன். மாற்று பல்பின் விலையைக் கேட்டதும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். நான் ஓய்வு பெற்ற அன்றும் அது அங்கேதான் இருந்தது. விலையைக் கேட்கும்போதே ரிப்பேருக்கு யார் வருவார், எந்த ஊரிலிருந்து, எத்தனை நாளில் என்று கேட்டு எழுதி வாங்கு. "சென்னையில் சர்வீஸ் சென்டர் இருக்கு மேடம்" என்றால், பெரம்பலூரிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று அவருக்குச் சொல். கரண்டும் நெட்டும் இல்லாமல் ஓட்டிக் காட்டச் சொல்.

திரும்பி வரும்போது பை நிறைய நோட்டீஸ் இருக்கும். அதை ஹெச்எம் மேஜையில் வைத்துவிடு. உன் நோட்டில் ஒரே ஒரு பொருளின் பெயர் மட்டும் இருக்கட்டும். அது எந்தப் பாடத்துக்கு, எந்தப் பிள்ளைக்கு என்பதும் பக்கத்தில் இருக்கட்டும். ஒன்றுமே தேறவில்லை என்றாலும் வெட்கப்படாதே.

சேலம் வழியாகப் போ. அளந்தாயா? எத்தனை அடி வந்தது என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்