டையை நேராகப் பிடிக்க ஒரு ஹோல்டர்

கேள்வி: ஐயா, நான் றக்குவானைப் பக்கத் தோட்டத்தில் பிறந்தவன். எம்பிலிப்பிட்டியவில் ஒரு லேத் கடையில் வேலை செய்கிறேன். லேண்ட்மாஸ்டர் வேலைதான் அதிகம். இடைக்கிடை மலையிலிருந்து தேயிலை ஃபெக்டரி போல்ட்டும் வரும். கையால் டை போட்டு மரை வெட்டினால் கோணிக்கொண்டு போகிறது, நட் பாதியில் இறுகிவிடுகிறது. டெயில்ஸ்டொக்கில் மாட்டும் டை ஹோல்டரை எங்கள் லேத்திலேயே செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம், தம்பி. இரண்டே துண்டுகள்தான்: டெயில்ஸ்டொக்கில் இறுகி நிற்கும் ஒரு தண்டு, அதன்மேல் வழுக்கிக்கொண்டு டையைச் சுமக்கும் ஒரு உருளை.

இரும்பைத் தேடுமுன் டையை அளந்து பாருங்கள். உங்களிடம் வருவது இரண்டு உலகத்துச் சாமான். லேண்ட்மாஸ்டருக்கு மெட்ரிக் மரை. பழைய தேயிலை உருட்டும் மெசின்களோ கெயின்ஸ்பரோ மார்ஷல் போன்ற இங்கிலாந்துக் கம்பெனிகளில் செய்தவை. அவற்றில் 1841இல் வித்வர்த் வகுத்த அங்குல மரை. வட்ட டையில் 25 மி.மீ. ஒன்று, ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ. இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். உருளையில் டைக்கு வெட்டும் குழி சிறியதானால் பெரிய டை போகாது. குழி பெரியதானால் சிறிய டை ஆடும். இரண்டும் வைத்திருந்தால் இரண்டு உருளை செய்யுங்கள். தண்டு ஒன்றே போதும்.

தண்டை இரண்டு சென்டருக்கு இடையில் வைத்துக் கடையுங்கள். முதலில் 16 மி.மீ. நேர்ப்பகுதி, 100 மி.மீ. நீளத்துக்கு. இரண்டு முனையையும் மைக்ரோமீட்டரால் அளந்தால் டெயில்ஸ்டொக் விலகியிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். விலகியிருந்தால் அதைச் சரிசெய்யாமல் மேலே போக வேண்டாம்.

அடுத்தது டெயில்ஸ்டொக்குக்குள் இறுகும் மோர்ஸ் டேப்பர். 2ஆம் நம்பரானால் 50 மி.மீ. நீளத்தில் விட்டம் சுமார் 2.5 மி.மீ. குறையும். கோணத்தைப் பாகையில் எண்ணிக் கஷ்டப்படாதீர்கள். டேப்பர் ஷாங்க் உள்ள நல்ல ரீமர் ஒன்றைச் சென்டர்களுக்கு இடையில் வைத்து, டூல் போஸ்ட்டில் டயல் கேஜ் மாட்டி, மேல் ஸ்லைடை ஷாங்க் நெடுக ஓட்டுங்கள். முள் அசையாத கோணமே சரியான கோணம். ஸ்லைடின் ஓட்டம் போதாவிட்டால் டேப்பர் கொஞ்சம் குட்டையாக இருக்கட்டும்; பின்னால் மெல்லிய வால் ஒன்று விடுங்கள். இல்லாவிட்டால் டெயில்ஸ்டொக்கின் திருகு அதைப் பின்னாலிருந்து தள்ளி வெளியேற்றாது.

உருளைக்கு 45 மி.மீ. மைல்ட் ஸ்டீல் நல்லது. ஹைட்ரோலிக் ரொட் பளபளக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். அதன் குரோம் தோல் டூலைத் தின்றுவிடும். முதலில் நர்லிங். பிறகு 16 மி.மீ. துளை, டைக்கான குழி, குழியின் அடித்தளம் மூன்றையும் சக்கிலிருந்து கழற்றாமல் ஒரே பிடியில் முடியுங்கள். இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். நான் முதல்முதல் செய்தபோது துளை போட்டபின் திருப்பிப் பிடித்துக் குழி வெட்டினேன். டை கோணலாக உட்கார்ந்தது. அரை நாள் வேலை பழைய இரும்புக் குவியலுக்குப் போனது. எண்ணெய் தடவிய தண்டில் உருளை தன் பாரத்தாலேயே மெல்ல இறங்க வேண்டும். டையைப் பிடிக்க மூன்று திருகுகள்: நடுத்திருகு டையின் பிளவுக்குள் இறங்கி அதை விரிக்கும், பக்கத்திருகுகள் நெருக்கும்.

உருளையில் நீளக் கைப்பிடி வேண்டாம். டை சிக்கினால் உருளையைப் பிடித்திருக்கும் கையை எடுத்துவிடுகிறீர்கள், உருளை வேலையோடு சேர்ந்து சுற்றும், அவ்வளவுதான். கைப்பிடி இருந்தால் அதுவே உங்கள் விரலை முறிக்கும். சிறிய மரைக்கு மிகக் குறைந்த வேகம் போதும்.

ஃபெக்டரியின் அரை அங்குல போல்ட்டுக்கு இப்படி நேரே டை போட முடியாது, கையால் பிடித்தால் உருளை நிற்காது. அங்குலத்துக்கு 12 புரி வைத்து, லேத் டூலாலேயே சுமார் 1 மி.மீ. ஆழம்வரை மரை வெட்டிக்கொள்ளுங்கள். மெயின் சுவிட்சை அணைத்து, சக்கைக் கையால் திருப்பி, மிச்சத்தை மட்டும் டைக்கு விடுங்கள். நடுத்திருகால் டையை முதலில் கொஞ்சம் விரித்தே வையுங்கள். நட் இறுக்கமாக இருந்தால் நடுத்திருகைத் தளர்த்தி, பக்கத்திருகுகளை நெருக்கி இன்னொரு ஓட்டம் விடலாம். ஒரேயடியாக ஆழமாய் வெட்டிவிட்டால் போல்ட் குப்பைதான்.